நுணாக்கட்டை விசில்

"ஊதிப் பாருடா" என்று கடைசல்காரர் அந்த விசிலை என் கையில் வைத்தபோது, அதை அவர் தலையிலேயே போட்டு உடைக்கலாமா என்று இருந்தது எனக்கு. சில நாட்களாகத் தெருவில் விசில் தொல்லை தாங்க முடியவில்லை. காலையில் பல் விளக்கும்போது விசில், சோற்றில் கை வைத்தால் விசில், மத்தியானம் கண் அசந்தால் விசில். தெருப் பொடிசுகள் ஆளுக்கு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, என்னமோ ஆரணிக்கே டிராபிக் போலீசாகப் போட்டுவிட்ட மாதிரி ஊதிக்கொண்டு திரிந்தன. அத்தனையும் இந்த மனுஷர் செய்து போட்டது. போதாத குறைக்கு இன்னும் ஒன்றைச் செய்து கொண்டுவந்து என்னையே ஊதச் சொல்கிறார்!

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். எனக்கு அப்போது முப்பது வயது ஆகியிருக்காது. பட்டுத்தறிகளுக்கு நாடா செய்வது என் தொழில். நாடா என்றால் தறியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை. இரண்டு முனையும் கூராக, நடுவில் குழிவாகச் சின்னப் படகு மாதிரி இருக்கும். என் பட்டறைக்கும் கடைசல்காரர் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் தன் மெஷினில் நூல் சுற்றுகிற குச்சி, ராட்டைக்குக் கைப்பிடி, கட்டில் கால், தொட்டில் கட்டை என்று எதையும் கடைந்து தருவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். மரம் வாங்க ஒன்றாகப் போவோம், டீ குடிக்க ஒன்றாகப் போவோம், சண்டையும் தவறாமல் போடுவோம்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததும் ஒரு வீட்டில் தடக் என்று ஆரம்பிக்கும். கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் தெரு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் எனக்குச் சத்தமில்லாத வீட்டில் தூக்கம் வராது. அந்தத் தடக் தடக்கில் நாங்கள் பேசுவதைக் காதால் பாதி, கண்ணால் பாதி கேட்டுக்கொள்வோம். தறியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு விரலைத் தூக்கினால் வந்தவருக்கும் சேர்த்து டீ என்று வீட்டுக்காரிக்குத் தெரியும். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். உதட்டைப் பார்த்தே இழை அறுந்ததா, பிள்ளை அழுததா என்று சொல்லிவிடுவோம். ஒருத்தரைக் கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே போய்த் தோளைத் தட்டுவோம். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள், "இன்னா ஊருங்க இது, எல்லாம் ஊம பாஷ பேசிகினு" என்று வந்த புதிதில் மூக்கைச் சிந்துவார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் விரலைத் தூக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அண்ணி ஒருத்திதான் மாறவே இல்லை. அவள் பெரணமல்லூர்க்காரி, பயிர் வைக்கிற குடும்பம். தறிச் சத்தமே தெரியாத வீட்டில் பிறந்தவள். "கட்டின புருஷன தோள்ல தட்டிக் கூப்புட நான் இன்னா மாடா ஓட்டறேன்?" என்பாள். நடுவீட்டில் நின்று "ஏங்க" என்பாள். அந்தக் குரல் இருக்கிறதே, பட்டில் ஒற்றை இழையைப் பிரித்து எடுத்த மாதிரி அவ்வளவு மெல்லிசு. சாமி கும்பிடும்போது பாடினாள் என்றால் நான் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

என் குரல் அதற்கு நேர் எதிர். நான் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து நான் "ணா!" என்று ஒரு குரல் விட்டால், அந்தப் பக்கம் கடைசல்காரர் "இன்னாடா கத்தற, இங்கதான கீறேன்" என்பார். அதனால் எனக்கு எதுவும் தெரியாமல் போயிற்று.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் அண்ணி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். பாசி படிந்த கல், கையில் குடம், சறுக்கிவிட்டது. கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. நான் அன்றைக்கு மரம் பார்க்க வெளியே போயிருந்தேன். கரண்ட் இல்லாததால் கடைசல் மெஷின் ஓடவில்லை. கடைசல்காரர் கொல்லைப்பக்க வாசற்படியில், கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு தொட்டில் கட்டைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி அவரைக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் மறுபடியும். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் துணி உலர்த்த வந்த பின்வீட்டு அம்மாதான் சுவரைச் சுற்றி ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தாள்.

அண்ணி அழவில்லையாம். "அந்த முதுகப் பாத்துகினே கெடந்தேங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

கடைசல்காரர் ஒரே வார்த்தையில் நின்றார். "சத்தியமா கூப்புடவே இல்ல. கூப்ட்டிருந்தா எனக்குக் கேக்காதா? கூப்புடாம கெடந்துட்டு ஏம் மேல பழி போடறா." அவர் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார். அண்ணியும் அதே கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஜாதி இல்லை என்பது தெருவுக்கே தெரியும். யாரைக் குற்றம் சொல்வது? மறுநாளே அண்ணியின் அண்ணன் வந்து, வீங்கின காலோடு அவளைப் பெரணமல்லூருக்கு இட்டுக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் சொன்னதை என் மனைவி கேட்டிருக்கிறாள். "அடிச்சா பொறுத்துக்கலாம், திட்டினா பொறுத்துக்கலாம். கூப்ட்டா திரும்பாதவரோட எப்டி வாழறது?"

தீபாவளி வந்து போனது. அண்ணி வரவில்லை. கடைசல்காரர் தானே பொங்கித் தின்றார். பாதி நாள் தீய்ந்த வாடை தகரத்தைத் தாண்டி வரும். என் மனைவி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இட்டுகினு வாங்கண்ணே, போயி கால்ல உழுந்தாவது இட்டுகினு வாங்க" என்பாள். மனுஷர் குழம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆள் பாதியாகிவிட்டார். அண்ணி இல்லாமல் அந்த வீடு வீடாகவே இல்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் டீக்கடையில் திடீரென்று சொன்னார்: "டேய், அவ கொரலு எலிக் கொரலு. கூப்ட்டிருந்தாலும் இருக்கலாம், இல்லாட்டியும் இருக்கலாம். அந்தப் பஞ்சாயத்து வேணாம். ஒரு விசில் செஞ்சு கொண்டும்போயி அவ கையில குடுத்துடறேன். நீ வாயத் தொறந்து கூப்புடவே வேணாம், இத ஊது, நான் எங்க இருந்தாலும் ஓடியாறேன்னு சொல்லி இட்டுகினு வந்துடறேன். எப்டி?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை. "பஜாருல விசில் விக்குது, வாங்கிகினு போறதுதான?" என்றேன்.

"வாங்கி ஊதிப் பாத்தேன்டா. தகர விசில். வெறும் காத்துதான் வருது, டூப்ளிகேட்டு. அதுவுமில்லாம கடையில விக்கறத குடுக்க அவ இன்னா கண்டக்டரா? நாலு பேருக்குத் தொட்டில் கட்ட கடையறேன், பொண்டாட்டிக்கு ஒரு விசில் கடைய மாட்டேனா?"

அப்படி ஆரம்பித்ததுதான். நுணா மரத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். நுணா லேசான மரம். சீவினால் உள்ளே மஞ்சளாக, மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம் மாதிரி இருக்கும். விரல் நீளத்துக்குக் கடைந்து, உள்ளே துளை போட்டு, மேலே ஒரு சின்ன வாய் வெட்டி, காற்று போக இடம் விட்டு அடைப்புக் கட்டை சொருக வேண்டும். அந்த அடைப்பு ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சத்தம் எழும்பாது. கடைசல்காரருக்கு அதெல்லாம் கைவந்த வேலை. ஆனால் செய்வார், ஊதுவார், முகம் சுருங்கும், சிராய்க் குப்பையில் விட்டெறிவார். இன்னொன்று செய்வார், அதையும் எறிவார். அந்தக் குப்பையில்தான் தெருப் பொடிசுகள் பாய்ந்து பொறுக்கிக்கொண்டு போயின.

தெரு பேஜாராகிவிட்டது. கோடி வீட்டில் சேலைக்கு அன்னப்பட்சி பூ போட்டுக்கொண்டிருந்த நெசவாளி இழை எண்ணிக்கை தப்பித் தப்பி, தறியை விட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தார். "உன் சேக்காளிதான? போயி சொல்லுபா. இனிமே ஒரு விசில் ஊதுச்சின்னா பொடிசுங்கள தறியில கட்டி வெச்சிடுவேன்."

நான் தகரத்தைத் தாண்டிப் போய்க் கத்தினேன். "ணா, இன்னாணா இது? ஊரே காத பொத்திகினு கீது. வேணான்னு தூக்கிப் போடறத ஒடச்சிப் போடக்கூடாதா?"

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அதெல்லாம் ஊமக் கட்டடா. பசங்க சும்மா வாயில வெச்சி கன்னத்த உப்பிகினு திரியுதுங்க. நீ இன்னாத்துக்குக் குதிக்கற?"

ஊமைக் கட்டையா! நான் நக்கல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடித்துவிடும், அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மறுநாள் சாயங்காலம்தான் அவர் என் பட்டறைக்குள் வந்து புது விசிலை என் கையில் வைத்தார்.

அழகான வேலை, அதை மறுக்க முடியாது. கழுத்தில் இரண்டு வளையம் கடைந்து, அரக்கு கொடுத்துத் தேய்த்திருந்தார். கயிறு கோக்க ஒரு காது. கையில் வைத்தால் கை மணத்தது. "ஊதிப் பாருடா. நீ ஊதினா தெரியும்" என்றார்.

வாயில் வைத்து ஊதினேன். சும்மா சொல்லக்கூடாது, ஊசி ஏற்றின மாதிரி சத்தம். எனக்கே காது அடைத்தது. எதிர்வீட்டில் தறி நின்றது. உள்ளேயிருந்து யாரோ, "தோடா, பெரியவனுங்களும் ஆரம்பிச்சிட்டானுங்க" என்று திட்டினார்கள்.

கடைசல்காரர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி விசில் வாய்க்கு எதிரே பிடித்தார். "காத்து வருது, சத்தம் வரல. இதுவும் தேறல" என்றார்.

"இன்னாணா வெளாடறியா? ஊர எழுப்பற மாதிரி கத்துது, தேறலன்றியே!"

"வேணாம்டா, மனசுக்காவ சொல்லாத. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லு." குரல் உடைந்து போயிருந்தது. என் ரம்பம் ஒன்றை எடுத்துப் பல்லைத் தடவிப் பார்க்கிற மாதிரி, முகத்தைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கோபத்தில் நான் இன்னொரு தரம் ஊதினேன். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஊதினேன். பட்டறை மூலையில் படுத்திருந்த தெருநாய் துள்ளி எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது. கூரையில் இருந்த புறா பறந்தது. கடைசல்காரர் அசையவில்லை. ரம்பத்தின் பல்லைத் தடவிக்கொண்டே நின்றார். மறுபடியும் ஊதினேன். தோள்கூட ஆடவில்லை. பக்கவாட்டில் எட்டி, கண் இமைத்தாரா என்றுகூடப் பார்த்தேன்.

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

கடைசல் மெஷின் வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு அரிசி மில்லில் இஞ்சின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றவர். அதற்கப்புறம் இந்த மெஷினின் கிறீச்சல். கீச்சென்கிற சன்னமான சத்தமெல்லாம் எப்போது அவரை விட்டுப் போனதோ, அது அவருக்கே தெரியவில்லை. இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? எல்லாரும் உதட்டைப் பார்த்துப் பேசுகிற ஊர். எல்லாரும் தோளைத் தட்டுகிற ஊர். என் தடிக்குரல் அவருக்குக் கேட்டது. தறிச் சத்தம் கேட்டது. அண்ணியின் ஒற்றை இழைக் குரல்தான் கேட்கவில்லை. கேட்காததால், அவள் கூப்பிடவே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஐயோ பாவமே! அப்போ அண்ணி தெனம் தெனம் கூப்ட்டது ஒண்ணுகூட..." என்று பாதியில் நிறுத்தினாள். பிறகு, "காலையில போயி சொல்லிடு. இத மூடி வெக்கறது பாவம்" என்றாள்.

போனேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, "ணா, ஒனக்கு விசில் சத்தம் கேக்கலியோன்னு தோணுது. ஒருவாட்டி காத காட்டினா இன்னா?" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "எனக்கா காது கேக்கல? நீ இப்போ பேசறது கேக்குதே."

"நான் பேசினா சுடுகாட்டுல கீறவனுக்கே கேக்கும்ணா."

அவர் சிரிக்கவில்லை. "வேலையில கொற சொல்லு, கேட்டுக்கறேன். ஒடம்புல கொற சொல்லாத" என்று மெஷினைப் போட்டுவிட்டார். அதற்குமேல் நான் பேசினால் கைகலப்புதான். திரும்பி வந்துவிட்டேன். செவிடன் என்று ஒரு வார்த்தை, அது ஒட்டிக்கொண்டால் இந்தத் தெருவில் பேரோடு சேர்ந்துவிடும். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

கொஞ்ச நாள் பேச்சு இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையில் அந்த மஞ்சள் விசில். "பெரணமல்லூர் போறேன். வரியா? நீ கூட இருந்தா எனக்குப் பேச வாய் கெடைக்கும்" என்றார். முகத்தைப் பார்த்தால், முடியாது என்று சொல்கிறவன் மனுஷனே இல்லை. "ஜல்தியா கெளம்பு, பஸ்ஸு போயிடப் போவுது" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த விசிலை எடுப்பார், துண்டால் துடைப்பார், பையில் வைப்பார். மறுபடியும் எடுப்பார். "சத்தம் கொஞ்சம் கம்மிதான். ஆனா பாக்க நல்லா கீது இல்ல?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கண்டக்டர் படியில் நின்று விசில் கொடுத்தபோதெல்லாம் என் கண் தானாக அவர் முகத்துக்குப் போனது. அவர் வெளியே கதிர் வந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் அம்மா வீட்டில் நாங்கள் நுழைந்தபோது அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கால் சரியாகியிருந்தது. என்னைப் பார்த்து "வா தம்பி" என்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நமக்கெதுக்கு என்று உள்ளே போய்விட்டாள்.

கடைசல்காரர் விசிலை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒனக்குதான். நானே செஞ்சேன். இனிமே நீ தொண்ட தண்ணி வத்த கூப்புட வேணாம். இத ஊது, எங்க இருந்தாலும் ஓடியாறேன். வா, போலாம்." இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு, ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அண்ணி குனிந்தபடியே அரிசிக்குச் சொன்னாள். "நாய கூப்புடறதுக்குதான் விசில் அடிப்பாங்க."

குனிந்து சொன்னதால் அவருக்கு உதடு தெரியவில்லை. அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். விசிலை முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, "கால் கழுவிகினு வந்துடறேன்" என்று கொல்லைப்பக்கம் போனார். கதவு திறந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியருகே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சொம்பால் தண்ணீர் மொண்டு காலில் ஊற்ற ஆரம்பித்தார்.

"பாத்தியா தம்பி, ஒரு பதிலுக்குக்கூட நிக்கல" என்றாள் அண்ணி. "வாயால கூப்ட்டே வராதவரு, கட்டைக்கு வந்துடுவாரா?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "அண்ணி, உங்க கால்ல வேணா உழறேன். ஒரே ஒரு தபா இத ஊதுங்க. அவரப் பாத்துகினே ஊதுங்க" என்றேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எடுத்தாள். அத்தனை மாசத்துக் கோபத்தையும் சேர்த்து ஊதினாள். வேப்ப மரத்துக் காக்கை எல்லாம் எழும்பியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே போன அவளுடைய அம்மா, "இன்னாடி அது!" என்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அவர் இடது காலைக் கழுவி முடித்து வலது காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணி விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஊதினாள், நீளமாக. அவர் குதிகாலைக் கல்லில் தேய்த்தார்.

கிணற்றடியில் கிடந்து அவள் பார்த்த அதே முதுகு. முறம் சரிந்து அரிசி கொட்டியது. அவள் எழுந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "ஏங்க."

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏங்க... ஏங்க..." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஊற்றியது. நானும் அழுதுவிட்டேன், அதில் வெட்கம் என்ன?

அவர் துண்டை உதறிக்கொண்டு திரும்பினார். அவள் கையில் விசிலைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இன்னா, ஊதிப் பாத்தியா? சத்தம் வருதா?" என்று கேட்டார்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பார்க்கும்படி நிமிர்ந்தாள். "வருதுங்க. நல்லா வருது" என்றாள்.

மலர்ந்த முகம் மெல்ல மாறியது. அவள் கண்ணைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், இன்னும் காதைப் பொத்திக்கொண்டு நின்ற மாமியாரைப் பார்த்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தலையையும் பார்த்தார். விசிலை அவள் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் வைத்து, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே ஊதினார். மாமியார் மறுபடியும் காதைப் பொத்தினாள். அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு அங்கேயே ஈரக் காலோடு குந்திவிட்டார்.

அண்ணி போய் அவர் பக்கத்தில் குந்தினாள். பிறகு அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "அன்னிக்கி... கெணத்தாண்ட... நெஜமாவே கூப்ட்டியா நீ?"

அண்ணி தன் கையால் அவர் தோளைத் தட்டினாள். கட்டிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அவர் திரும்பி அவள் உதட்டைப் பார்த்தார்.

"கூப்ட்டேங்க."

"எத்தினி தபா?"

தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கூப்பிட்டவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரே தபாதாங்க. அதுவும் மெல்லமாதான் கூப்ட்டேன்" என்றாள்.